முப்பது பேருக்கு இடம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஜூன் மாதச் சாயங்காலம், எங்கள் ஊர்ப் பள்ளிக் கல்விக் குழுவின் கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து குடும்பமாக எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம். கூட்டம் ஏழு மணிக்கு. நாங்கள் போய் இறங்கியது ஐந்து மணிக்கு. நியூ ஜெர்சியில் நம்மவர்கள் பொங்கல் விழாவுக்கே ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தார்கள் என்றால், விஷயம் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றியது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தச் சாயங்காலம் என் நினைவில் முழுசாக இல்லை. அரைத் தூக்கத்தில் பார்த்ததுபோல் அங்கங்கே வெளிச்சமாகவும் அங்கங்கே மங்கலாகவும் இருக்கிறது. பள்ளியின் பின்னால் இருந்த மைதானம், அணைய மனமில்லாத வெயில், புல்லுக்கு மேலே வட்டமடித்த ஒன்றிரண்டு தட்டாம்பூச்சிகள். ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளும் புல்லில் உட்கார்ந்து, பேப்பர் தட்டில் சாதத்தையும் உருளைக்கிழங்கு சிப்ஸையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினிலிருந்து எங்கள் ஊர் காரில் பத்து நிமிடம். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் புல்வெளி வைத்த வீடுகள். வெள்ளைக்காரர்களும் சீனர்களும் நாங்களும் இருந்தோம். அந்தப் பக்கம் ஸ்டேஷனை ஒட்டிய அபார்ட்மென்டுகள். அங்கே கறுப்பினக் குடும்பங்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் அதிகம். ஐந்தாம் வகுப்பு வரை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பள்ளி. ஆறாம் வகுப்பில் எல்லோரும் ஒரே கட்டடத்துக்கு வருவோம். ஆனால் அதற்குள்ளும் அட்வான்ஸ்டு மேத்ஸ் என்று ஒரு வகுப்பு தனியாக இருந்தது. அதில் சேர ஒரு சனிக்கிழமை காலையில் பரீட்சை எழுத வேண்டும். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

அந்த வருடம் ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரியாகப் புதிதாக வந்த சூப்பரின்டெண்டென்ட் அம்மாள் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒரே ஒரு சனிக்கிழமையை நம்பாமல், ஒவ்வொரு பள்ளியிலும் நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகளை ஆசிரியர்களின் குறிப்பை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான். எங்கள் பெற்றோர்களின் வாட்ஸப் குரூப் அன்றிலிருந்து தூங்கவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து சனி ஞாயிறு பாராமல் கணக்கு டியூஷனுக்குக் கார் ஓட்டியவர்கள், ஓட்டியதெல்லாம் வீணா என்று கொதித்தார்கள். கல்விக் குழு அந்த ஜூன் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடத்துவதாக இருந்தது.

இதில் நயோமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெண், என் வயதுதான். ஊர் லைப்ரரியில் பழக்கம். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வேலை முடிந்து அவர் வரும்வரை நயோமி தினமும் லைப்ரரியில் காத்திருப்பாள். என் அம்மாவுக்கு அப்போது வேலை செய்ய விசா அனுமதி இல்லை என்பதால் நாங்களும் தினமும் லைப்ரரிதான். ஜன்னலோரத்து மெத்தை நாற்காலியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து புதிர்க் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுவோம். நான் பேப்பரில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருப்பேன். அவள் ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டே விடையைச் சொல்லிவிடுவாள். எனக்கு அவளைப் பார்த்தால் மாயாஜாலம் பார்ப்பதுபோல் வாய் திறந்துகொள்ளும்.

நான் எழுதிய சனிக்கிழமைப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சனிக்கிழமை டியூட்டி, கூட்டிவர ஆளில்லை. ஆனால் மே மாதத்தில் ஒருநாள், அடுத்த வருடம் ஒருவேளை நானும் உன் வகுப்பில் இருப்பேன், என் டீச்சர் சொன்னார் என்றாள். எப்படி, ஏன் என்று நான் கேட்கவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது, மதியச் சாப்பாட்டுக்கு எந்த மேஜை என்பதுவரை அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். அந்த வருடம் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அவளுடைய டீச்சர் சொன்ன 'ஒருவேளை'யும் எங்கள் வீட்டு ஹாலில் தினமும் கரித்துக் கொட்டப்பட்ட திட்டமும் ஒன்றேதான் என்பது எனக்கு எட்டவில்லை.

கூட்டத்துக்கு வருவோம். எங்களுக்குத் தலைவர் கோயமுத்தூர் அங்கிள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டத்திலும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு ஏழு பேருக்கு சீட் பிடித்தவன் நான் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். குழுவின் விதிகளை அவர் இணையத்தில் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். பொதுமக்கள் பேசலாம், ஒருவருக்கு மூன்று நிமிடம், ஹாலுக்கு வெளியே ஒரு தாள் வைத்திருப்பார்கள், அதில் முப்பது கோடுகள். பெயர் எழுதியவர்களுக்கு மட்டும்தான் மைக்.

ஐந்தரை மணிக்கு ஓர் ஊழியர் அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பேனா நூலில் கட்டியிருந்தது. அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உன்ற ரைட்டிங்தான் முத்து முத்தா இருக்குதுன்னு உங்கப்பா சொல்லுவாப்ல. இங்க வா. நாஞ் சொல்றேன், நீ எழுது."

"நம்ம ஆளுங்க பாதிப் பேர் இன்னும் ட்ரெயின்லயே இருக்காங்களே?" என்றார் அப்பா.

"வருவாங்க. வராட்டியும் போகுது. எடத்தைப் போட்டு வெச்சுருவோமுங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து எழுதிட்டா அப்பறம் நாம என்ன பண்றது?"

நான் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுப்பாக எதையும் அதற்குமுன் எழுதியதில்லை. முதல் வரியில் அங்கிள். பன்னிரண்டாவது வரியில் அப்பா. நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தவர்கள், வருவதாகச் சொல்லாதவர்கள், அவரவர் மனைவிமார், பிறகு பிள்ளைகள். இருபத்தேழாவது வரியில் புட்டிப்பால் குடிக்கிற ஒரு குழந்தையின் பெயர். கடைசிக் கோட்டில் என் பெயரை எழுதிக் கீழே ஒரு சின்னப் பூவும் போட்டேன். அங்கிள் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்து, சபாஷ் என்று என் தலையில் தட்டினார். அம்மா மட்டும் தள்ளி நின்று சாப்பாட்டுத் தட்டுகளைக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆறே முக்கால் மணிக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். வேலையிலிருந்து நேராக வந்த முகங்கள். ஹாலின் கதவு திறந்தே இருந்ததால் எனக்கு மேஜை நன்றாகத் தெரிந்தது. அவர்களில் நயோமியின் அம்மாவும் இருந்தார். ஆஸ்பத்திரியின் நீல உடையிலேயே வந்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். கையாட்டினேன், அவர் பார்க்கவில்லை. தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஊழியரிடம் ஏதோ கேட்டார். ஊழியர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். நயோமியின் அம்மா கையிலிருந்த காகிதங்களை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

கூட்டம் தொடங்கியது. ஏ.சி. குளிரில் எனக்குக் கண் சொருகியது. மேடையில் வளைந்த மேஜைக்குப் பின்னால் ஒன்பது பேர். மைக்கில் குரல்கள் எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வந்தன. ஒவ்வொருவராக எங்கள் அங்கிள்களும் ஆன்ட்டிகளும் போய், உழைப்பு, தகுதி, உழைப்பு என்றார்கள். அப்பா பேசியது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. ஏனென்றால் ஒரு வாரமாக அடுப்படி டைமரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பேசவைத்துப் பழக்கியதே நான்தான். ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவன் நான். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. ஒரு பரீட்சைதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்றார். ஒரு வார்த்தை பிசகவில்லை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

இருபத்தேழாவது பெயரைக் கல்விக் குழுவின் தலைவர் கூப்பிட்டபோது, அந்தப் பேச்சாளர் தன் அப்பாவின் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாலே சிரித்தது. கடைசி வரிசை சிரித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

முப்பதாவதாக நான். அங்கிள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்: எனக்குக் கணக்கு பிடிக்கும், தயவுசெய்து பரீட்சையை எடுத்துவிடாதீர்கள். மைக் எனக்கு எட்டவில்லை, யாரோ வளைத்துக்கொடுத்தார்கள். சொல்லிவிட்டுத் திரும்பியபோது கைதட்டல். கடைசி வரிசையில் நயோமியின் அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒன்பது பேரில் ஐந்து பேர் பழைய பரீட்சையே இருக்கட்டும் என்று கையைத் தூக்கினார்கள். திட்டத்தை எதிர்த்து இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள், ஆதரித்து ஒருவர்கூடப் பேசவில்லை, மக்களின் குரல் தெளிவாகக் கேட்டது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். கோயமுத்தூர் அங்கிள் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லாத்தான் பேசினீங்க. யாரும் கை கொடுக்கலைன்னீங்களே, கவுன்சிலிங்ல உங்களுக்கு எந்த லிஸ்ட்ல சீட் வந்துச்சுன்னு சொல்லலியே?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேறன்னுதான் கேக்கறேன்."

அப்பா இண்டிகேட்டரைப் போட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினார். பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஜெயித்த நாளில் இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா விவரமாகச் சொன்னாள். அப்பா அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டில்தான் அவருக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்தது. அந்தச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் அவர் நாலு நாள் நின்றாராம். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய இடம் அது. அந்த ஒன்றை அன்றைக்கு அவர் மைக்கில் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அப்பாவிடம் இதுவரை கேட்டதில்லை.

கூட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை லைப்ரரியில் நயோமி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் மூடியே இருந்தது. மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய், உன் அம்மா எனக்குக் கைதட்டினார் தெரியுமா என்றேன்.

தெரியும் என்றாள். நீ நன்றாகப் பேசினாய் என்று அம்மா சொன்னார். அம்மாவும் பேசுவதற்காகத்தான் வந்தார். டியூட்டியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வந்தார். பேச வேண்டியதை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"அப்படியானால் ஏன் பேசவில்லை?" என்று கேட்டேன்.

நயோமி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. விடை தெரியாத கணக்கை முதல்முறையாகப் பார்ப்பவளைப்போல இருந்தாள். தாளில் இடமில்லையாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அடுத்த தடவை உன் அம்மாவைக் கொஞ்சம் சீக்கிரமாக வரச் சொல் என்றேன்.