அப்பா அணைத்த இடத்திலிருந்து

அப்பா இறந்த பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஆள் கூப்பிட்டு உடைக்கலாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அக்கா, இப்போது என்ன அவசரம் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து சாவிக்காரரைக் கூட்டிவந்து நானே திறக்க வைத்தேன்.

உள்ளே என்ன இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஓரளவு தெரியும். அப்பா தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். புண்ணுக்குக் கட்டுப் போட வரும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய், உயிரோடு திரும்பியவர்கள் அவர்களில் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கேசட் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போவார். திரும்பி வந்தால் சாப்பிடமாட்டார். அம்மா கேட்டால், கேட்ட கதையெல்லாம் வயிற்றில் நிற்கிறது என்பார்.

பெட்டியில் கேசட்டுகளோடு இரண்டு தகர டப்பாக்களும் இருந்தன. அவற்றில் படச்சுருள்கள். தோட்டம் கைமாறியபோது பழைய துரை பங்களாவைக் காலி செய்தார்கள். எரிப்பதற்காகக் குவித்திருந்த குப்பையிலிருந்து அப்பா எடுத்துவந்தவை அவை. போருக்கு முன்னும், போர் முடிந்து திரும்பி வந்த பின்னும் வெள்ளைக்காரத் துரை தன் கையடக்கக் கேமராவில் பிடித்தவை. ஓட்டிப் பார்க்க எங்களிடம் மெஷின் இருந்ததில்லை. மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது.

இந்த மலையில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும், கேசட் எம்மாத்திரம். நாடாவின் ஓரமெங்கும் வெள்ளை படர்ந்திருந்தது. ஒவ்வொரு கேசட்டாகத் திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நாடாவைத் துடைத்து, புதிய கூட்டுக்குள் மாற்றிப் போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். ஸ்குரூ டிரைவர் பிடிக்க அந்த விடுமுறையில்தான் கற்றுக்கொண்டேன். பழைய டெக் ஒன்றைக் கணினியோடு இணைத்து, ஒரு பக்கம் ஓடும்வரை எதிரில் உட்கார்ந்து கேட்பேன். வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய முடியாது. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தே ஆகவேண்டும்.

படச்சுருள்களை ஈப்போவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு சீனரிடம் கொடுத்தேன். ஒரு சுருள் பாதிக்கு மேல் ஒட்டிப்போய்விட்டது என்றார். மற்றதை ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்துத் தந்தார். யார் இவர்கள் என்று அவர் கேட்டார். எங்கள் ஆட்கள் என்றேன். அவருடைய தாத்தாவையும் ஜப்பான்காரன்தான் கொண்டுபோனானாம், திரும்பவில்லையாம்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

அதில் பேசுகிறவர் ஒரு பெண். பத்து வயதில் அப்பா அம்மாவோடு சயாமுக்குப் போய்த் தனியாகத் திரும்பியவர். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள், தாப்பா ரோடு ஸ்டேஷனில் மாடு ஏற்றும் பெட்டியில் அடைத்தார்கள் என்கிறார். அப்பா காலராவில் போனதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் நேரமாகிறது. எழுந்து நடக்க முடியாதவர்களை ஒரு கொட்டகையில் போட்டுவைத்திருந்தார்கள். அங்கே அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோன மகளை உள்ளே விடவில்லை. மறுநாள் போனால் கொட்டகையே இல்லை, எரித்துவிட்டிருந்தார்கள்.

அப்பாவின் குரல் கேட்கிறது: "ஒங்கள யாரு பேர் குடுத்து அனுப்புனது?"

"வேற யாரு, மேல் டிவிஷன் கங்காணிதான். அவன் பேரு..."

அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். மீண்டும் ஓடத் தொடங்கும்போது அந்தப் பெண் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாடா அறுந்த சத்தமில்லை அது. பொத்தானை அமுக்கி நிறுத்திய சத்தம். அப்பாதான் நிறுத்தியிருக்கிறார்.

ஏன் நிறுத்தினார் என்று யோசிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. மேல் டிவிஷன் கங்காணியின் பேரன்தான் என் அக்காவின் கணவர்.

அத்தான் கெட்டவரல்ல. நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் கோயிலின் தலைவர். அம்மா படுக்கையில் கிடந்தபோது தன் காரில்தான் தாப்பா ஆஸ்பத்திரிக்கு ஏற்றியும் இறக்கியும் அலைந்தார். எல்லாவற்றையும் இணையத்தில் போடப்போகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் அக்காவிடம் சொன்ன மறுநாளே அவர் வந்து உட்கார்ந்தார். போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தன் தாத்தா சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துவிடு என்றார். பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் வளரவேண்டும் என்றார். தாத்தா மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஜப்பான்காரன் அவர் தலையை வெட்டியிருப்பான் என்றார். அதில் பொய்யில்லை.

"நீங்க இப்ப சொன்னதயே பேசுங்க அத்தான். பதிவு பண்ணி அது பக்கத்துலயே போடுறேன். ஆனா அவங்க பேசுனத நான் வெட்டமாட்டேன்."

"ஒங்கப்பாவே நிறுத்திட்டாருன்னு நீதானம்மா சொல்ற. அவரு மரியாதய காப்பாத்துலா."

அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா நிறுத்தியது மரியாதைக்காக அல்ல. அந்தக் கேசட் பதிவான நாட்களில்தான் அக்காவுக்கு அந்த வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளின் கல்யாணத்துக்காக அவர் பொத்தானை அமுக்கினார். எந்தத் தகப்பனும் அதைச் செய்திருப்பான். ஆனால் அந்தப் பெண் பேச வாயெடுத்ததும் உண்மை. அதை நிறுத்தும் உரிமையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. இவருக்கும் இல்லை. இதை அத்தானிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுந்து போனார். அன்று மாலை அக்கா போன் செய்து, செத்துப்போனவர்களுக்காக உயிரோடு இருப்பவர்களை அவமானப்படுத்துகிறாய் என்றாள்.

ஆனால் அந்தப் பெண் சாகவில்லை. ரிங்லெட்டில், அணைக்கட்டு ஏரிக்கு மேலே, மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறைத் தாண்டியவர். அப்பா அவரை அக்கா என்றுதான் அழைப்பார். ஆகவே எனக்கு அத்தை. அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கேசட்டைப் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு காரை எடுத்தேன். அந்த முடிவை எடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

போவதற்கு முன்பே ஈப்போவிலிருந்து வந்த படத்தைப் பார்த்துவிட்டிருந்தேன். போர் முடிந்து துரை திரும்பிவந்தபின் எடுத்தது. காடாகிப்போன தேயிலைச் சரிவு, கூரையில்லாத ஆலை, துரையின் நாய். பிறகு பெரட்டு, அதாவது விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். எல்லோரும் எலும்பும் தோலுமாக நிற்கிறார்கள். தலைப்பாகையும் கோட்டும் போட்ட ஓர் ஆள் வரிசைக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு நேர் எதிரே, வரிசையில் சேராமல், ஒரு சிறுமி. வாய் அசைகிறது. அந்த ஆள் முகத்தைத் திருப்புகிறார். அவள் சுற்றிவந்து மறுபடி அவர் முகத்துக்கு நேரே நிற்கிறாள். கேமரா அங்கிருந்து நாய்ப் பக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான். துரைக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அத்தையின் மகள் மடிக்கணினியை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்தார். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும் என்றார். முதலில் கேசட்டைப் போட்டேன். தன் குரலைக் கேட்டதும் அத்தை, யார் இந்தப் பொண்ணு, நல்லா பேசுதே என்று சிரித்தார். 'டக்' வந்தபோது சிரிப்பு நின்றது.

"ஒங்கப்பன் அமுக்கிட்டான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டிரஸ்ஸரே, ஏன் நிறுத்துறீங்கன்னு கேட்டேன். பேட்ரி போச்சுக்கான்னு சொன்னான்."

அடுத்து படம். திரையை அவர் முகத்தருகே பிடித்துக்கொண்டேன். தலைப்பாகையைக் கண்டதும் கங்காணி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிறுமியை நான்தான் விரலால் காட்ட வேண்டியிருந்தது. திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. மகள் அழத் தொடங்கினார். அத்தை அழவில்லை.

"டெய்லி போய் நிப்பேன். எங்கம்மா எங்கன்னு கேப்பேன். வேற ஒன்னும் கேக்கமாட்டேன். ஒருநா அடிச்சான், மறுநாளும் போனேன். ஆபீஸ் கிராணி வெரட்டுனாரு, மறுநாளும் போனேன். கடைசில அவன் தோட்டத்த விட்டே போயிட்டான்லா. நான் போவல."

நான் நாடாக்களைப் பற்றிச் சொன்னேன். அத்தானைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அந்தக் கங்காணியின் பேரன் என் அக்கா புருஷன், அவர் வேண்டாம் என்கிறார், நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றேன். அவன் பேரன் நல்லவனா என்று அத்தை கேட்டார். நல்லவர்தான் என்றேன். பிள்ளைகள் உண்டா என்றார். உண்டு என்றேன்.

"நல்லாருக்கட்டும். அந்தப் பிள்ளைங்க மேல எனக்கு என்ன கோவம்? ஆனா எங்கம்மா பேர சொல்ல ஆளில்ல, அவன் பேர சொல்லக்கூடாதுன்னா எப்புடி? மெஷின தொற. ரெண்டு பேரையும் சொல்றேன்."

அன்று முற்பகல், சமையலறையில் குக்கர் கூவிக்கொண்டிருக்க, அத்தை முதலில் தன் தாயின் பெயரைச் சொன்னார். பிறகு கங்காணியின் பெயரைச் சொன்னார். என் கை பொத்தான் பக்கம் போகவே இல்லை. குக்கர் சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது. அதையும் நான் நீக்கவில்லை.

இணையத்தில் போடுவதற்கு முன் ஒருமுறை எல்லோரையும் கூட்டிக் காட்ட நினைத்தேன். கோயில் மண்டபம் கிடைக்கவில்லை, காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பள்ளியிலும் தயங்கினார்கள். கியா பார்மில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், முட்டைக்கோசு கட்டும் தன் கொட்டகையை ஒரு ஞாயிறு பிற்பகலுக்கு விட்டுக்கொடுத்தார். கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். தாப்பாவிலிருந்தும் பீடோரிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார்.

தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். தமிழ் அவர்களுக்குப் புரியாது. பெரட்டுக் காட்சி ஓடும்போது அவர்களில் ஒருவர் தலைப்பாகைக்காரரைக் காட்டி, அவர் ஏஜெண்டா என்று மலாயில் என்னிடம் கேட்டார். ஆமாம், அந்தக் காலத்து ஏஜெண்ட் என்றேன். அவர் தன் கூட்டாளிகளிடம் திரும்பி ஏதோ சொன்னார். அவர்கள் எல்லோரும் ஓரடி முன்னால் வந்து நின்றார்கள்.

படம் முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒரு பெரியவர் எழுந்து, தன் தாய்மாமன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சயாமில் செத்தவர் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னார்கள். இது எந்த ஏற்பாட்டிலும் இல்லை. நான் அவசரமாக ரெக்கார்டரைப் போட்டேன்.

அன்றே எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினேன். சில வாரங்களில் யாரோ புகார் செய்து, அத்தையின் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. யார் என்று நான் தேடவில்லை. அதை வேறு மூன்று இடங்களில் போட்டேன். பென் டிரைவில் நகலெடுத்துக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன், கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். இப்போது அது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நானே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அத்தான் பேச வரவில்லை. அவருக்கான இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். கங்காணியின் குடும்பத்தினர் பேச விரும்பினால் இங்கே சேர்க்கப்படும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. முறுக்கும் வரவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளாம், அத்தானுக்குத் தெரியாமல். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து அழுதேன் என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது.

"ஆனாலும் ஒன் மேல இருக்கிற கோவம் போவலடி. எங்க வீட்டுல சிரிப்பே போச்சு. இப்பவாச்சும் எடுத்துடேன்."

"கோவமாவே இரு அக்கா. எப்ப வேணும்னாலும் போன் பண்ணித் திட்டு, நான் எடுக்கிறேன். ஆனா அத எடுக்கமாட்டேன்."

அவள் வைத்துவிட்டாள். நான் அடுத்த கேசட்டின் திருகைக் கழற்றினேன். அது சுங்கை சிப்புட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பியது. அவருடைய தாத்தா பேசியதாம்.