கத்தரிக்கு நடுவே ஒரு சாமந்திப் பாத்தி

மழை விட்ட சாயங்காலம். ஆவாரம் பட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று முனகிக்கொண்டே தெருவில் போகிறது. நனைந்த பட்டையின் வாசனை ஜன்னலில் ஏறி வந்து என் நாக்கின் அடியில் துவர்ப்பாக உட்காருகிறது. வேலூரில் இருக்கிற நான் அந்தக் கணமே ஆம்பூரில் இருக்கிறேன். கையெல்லாம் மண். மார்பில் பால் கட்டிய வலி.

எத்தனை வீடு மாறினோம் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு வீடுகள் நினைவில் தங்குவதில்லை, கொல்லைகள்தான் தங்குகின்றன. எங்கே போனாலும் கத்தரி, வெண்டை, மிளகாய் போடுவேன். நடுவே பூவும் போடுவேன். பூச்சி அண்டாமல் இருக்கத்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்று விட்டுவிடுவேன்.

ஆம்பூர் வீடு தோல் பதனிடுகிற ஷாப்புக்குச் சொந்தமானது. பதனிடுவதற்கான ஆவாரம் பட்டைக் கிடங்கில் என் வீட்டுக்காரருக்கு மேற்பார்வை வேலை. எங்கள் கொல்லையின் கடைசி மதிலுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குழிகள். ஊறுகிற தோலின் வாடை சோற்றில் இருக்கும், உலர்த்திய புடவையில் இருக்கும், தலையணையில் இருக்கும். புதிதாக வந்தவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். கொஞ்ச நாளில் மூக்கே மறந்துவிடும்.

அந்த வீட்டில்தான் என் முதல் பெண் பிறந்தாள். விடியலில் வந்தவள், விளக்கு வைக்கும் முன் போய்விட்டாள். பெயர் வைக்காத சிசுவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்களில் இல்லை, கொல்லையிலேயே புதைத்துவிடுவார்கள். கத்தரி நாற்று நடுவதற்காக நான் கொத்திப் பொலபொலவென்று வைத்திருந்த பாத்தியைத்தான் மருத்துவச்சி காட்டினாள். மண் இளகியிருந்தது, தோண்டச் சுலபம்.

"அழுவாத தாயீ. அழுதா அதுக்குப் போவ வழி தெரியாது, இங்கியே நின்னுடும்" என்றாள்.

நான் அழவில்லை. ஆனாலும் என் பெண் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

நாற்று சட்டியில் வாடிக்கொண்டிருந்தது. எழுந்து நடமாட முடிந்ததும் போய் நட்டேன். அந்தப் பாத்திக்கு வந்ததும் கை நின்றது. அங்கே கத்தரி வைத்தால் காய்க்கும். காய்த்தால் பறிக்க வேண்டும். பறித்தால் குழம்பில் போட வேண்டும். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை. அந்த இடத்தில் மட்டும் துலுக்கச் சாமந்தி விதையைத் தூவினேன். எறும்பு ஏறாமல் இருக்க, பாலாற்றிலிருந்து பொறுக்கி வந்த கற்களைச் சுண்ணாம்பில் முக்கிச் சுற்றிலும் அடுக்கினேன்.

சாயங்காலம் நீர் இறைத்துவிடுவேன். மற்றப் பாத்திகளில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறும். அந்தப் பாத்தி மட்டும் சப்புக்கொட்டிக் குடிக்கும். மண்ணுக்குள் காற்று இருந்தால் அப்படித்தான் கேட்கும் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார். அதன்பிறகு நீர் விடும் நேரத்தில் அவர் கொல்லைப் பக்கம் வந்ததே இல்லை.

பூ கொத்துக்கொத்தாக வந்தது. நான் தலையில் வைக்கவில்லை, சாமிக்கும் போடவில்லை. பறித்து அதே பாத்தியின் மேல் பரப்பினேன். பக்கத்து வீட்டு அம்மாள் இதையெல்லாம் குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உருது பேசுகிற வீடு. அக்காவை ஆபா என்பார்கள். நானும் அவரை ஆபா என்றே கூப்பிட்டேன். என் கத்தரிக்காய் அந்தப் பக்கம் போகும், அவருடைய புதினா இந்தப் பக்கம் வரும்.

"இன்னா தங்கச்சி, பூவ நீயும் வெக்க மாட்ற, சாமிக்கும் போட மாட்ற. உன் வூட்டுக்காரரு தலைல வெக்கறதுக்கா இம்மாம் வளக்கற?"

"அவுருக்கு வெக்கறதுக்கு முடி எங்க இருக்குது ஆபா?"

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே எனக்குள் ஏதோ உடைந்தது. அந்தப் பாத்தியில் இருப்பது யார் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். ஆபா கையை நீட்டினார். சுவரைத் தாண்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், அடுப்பில் அவருடைய பால் பொங்கி வழிகிற வரைக்கும்.

அடுத்த வருஷம் ஷாப்பைப் பெரிதாக்கினார்கள். எங்கள் வரிசை வீடுகளின் கொல்லையெல்லாம் சுண்ணாம்புக் குழிக்கு வேண்டுமாம். கயிறு பிடித்து அளந்து முளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு முளை என் சாமந்திக்குள்ளேயே நின்றது.

"மொதலாளிகிட்ட சொல்லுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"இன்னான்னு சொல்றது? இந்த ஊர்ல எந்தக் கொல்லைலதான் இப்பிடி ஒரு கொழந்த இல்ல?" என்றார் அவர். "வேணும்னா எடுத்து வேற எடத்துல..."

"அத இன்னொரு தரம் தூக்கறதுக்கு எனக்குக் கையில்ல."

தோல் எப்படி ஊறும் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்புத் தண்ணீரில் கிடந்தால் முடி உதிரும், சதை கழலும். சாப்பிட உட்கார்ந்தால் அந்த நினைப்பு வந்துவிடும், எழுந்துவிடுவேன்.

மண் வெட்டுகிறவர்கள் காலையில் வந்தார்கள். மிளகாயைப் பிடுங்கினார்கள், வெண்டையைப் பிடுங்கினார்கள். சாமந்தியின் அருகில் வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாட்டத்துக்காக நான் வடக்குத் தெற்காகப் போட்ட பாத்தி அது. ஆபா வீட்டு ஜனங்கள் அடக்கம் செய்வதும் அதே வாட்டத்தில்தான். மேடான மண், வெள்ளைக் கல், மேலே பரப்பிய பூ. சமாதிக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்தான். மேஸ்திரி, ஷாப்பில் பழைய ஆள், என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா, இங்க யாராச்சும் பெரியவங்க அடங்கியிருக்காங்களா? அவுலியா, மகான் மாரி?"

சுவருக்கு அப்பால் ஆபா நின்றிருந்தார். முக்காட்டுக்குள் அவருடைய கண்கள் என்னையே பார்த்தன. நான் வாயைத் திறந்தேன். "அடங்கியிருக்காங்க" என்பதற்குமேல் வரவில்லை; அத்தனை நாள் அடக்கிய அழுகை வந்துவிட்டது. அதை அவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, தாயீ."

"தெனம் பூ போடற எடம்" என்றார் ஆபா. "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். தோண்றவன் கை வெளங்குமா வெளங்காதான்னு நீங்களே பாத்துக்குங்க."

மத்தியானம் முதலாளியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் தலை குனிந்து நின்றார். குழியைத் தள்ளி வெட்டச் சொன்னார். அந்த இடத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொன்னார். ஆனால் கொல்லை இனி ஷாப்புக்குள் போகிறது, வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். அவள் இருக்கலாம். நான்தான் இருக்கக் கூடாது.

காலி செய்கிற வரை சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பட்டை இடிக்கிற பெண்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று கும்பிட்டார்கள். யாரோ பச்சைத் துணி போர்த்தினார்கள். ஒருத்தி ஜுரத்தில் துவண்ட பிள்ளையைக் கொண்டுவந்து, அந்த மண்ணில் தலைபடக் கிடத்தினாள். பிள்ளை சிணுங்கியது. என் மார்பு கனத்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் மறுநாளே மண்வெட்டி வரும். வாயைப் பொத்திக்கொண்டேன். பால் கேட்கிற வயசில் இருப்பவளிடம் ஊரே வரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்வாள்? யார் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்?

இப்போதும் சில சாயங்காலங்களில், நீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருக்கும். திரும்ப மாட்டேன். என் பெண் நின்றால் எந்த வயசில் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஆம்பூரை விட்டுச் சாமான் வண்டியில் ஏறிய அன்று ஆபா வாசல்வரை வந்துவிட்டார், பகலில் தெருவுக்கு வராதவர். என் கையில் ஒரு கட்டுப் புதினாவைத் திணித்தார். என் வீட்டுக்காரர் வண்டியின் மறுபக்கம் போய்க் கயிற்றை இறுக்கினார், அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"தெனம் பூ நான் போடறேன். பேஜாராவாத" என்றார் ஆபா. "ஒண்ணு கேக்கணும். மேல கல்லு வெச்சுப் பெரிசா கட்டணும்னு மொதலாளி சொல்றாராம். கட்டட்டுமா தங்கச்சி?"

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் ஆபா. பாரமா எதையும் மேல வெக்க உடாதீங்க. அதுக்கு இன்னும் கழுத்துகூட நிக்கல."