கழுவின கன்று

வெள்ளவத்தையில் பொலிஸ்காரர் தமிழரைத் தேடி நடத்திய காலைச் சுற்றிவளைப்பில் என் கணவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானமே, வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த எங்கள் பசு கன்று போட்டது. வாசல் கேற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கையும் சும்மா இருக்கவில்லை. பிசுபிசுவென்று கிடந்த கன்றை, மகளுக்குப் போடும் பேபி சோப்பால் கழுவி, பவுடரும் போட்டுவிட்டேன்.

பசு ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு அதை முட்டித் தள்ளியது. பால் குடிக்க விட்டால் உதைத்தது.

“பெத்த பிள்ளையைத் தெரியாதே உனக்கு? நீயெல்லாம் ஒரு தாயே?” என்று கத்தினேன்.

கிருலப்பனையிலிருந்து புல்லுக்கட்டோடு வந்த மாட்டுக்காரர், மலைநாட்டு மனுசர், கன்றை முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“கழுவிட்டீங்களாம்மா? வாசத்த வச்சித்தான் அது தன் புள்ளய கண்டுபிடிக்கும். உப்புத்தண்ணி தடவுங்க, நக்க வரும்.”

தடவினேன். பசு முகத்தைத் திருப்பியது. கேற்றைப் பார்த்தபடி திரும்பத் திரும்பத் தடவினேன். பொழுதுபடும் நேரம் ஒருமுறை நக்கியது. பிறகு விடாமல் நக்கியது.

அப்போதுதான் கேற் திறந்தது. அவர்தான். பகல் முழுக்கப் பொலிஸ் கூண்டுக்குள் நெரிபட்டு, ஆர் ஆருடையதோ வேர்வையும் மூத்திர நாற்றமுமாக வந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் ஓரடி பின்னுக்குப் போனேன்.

“முதலில போய்க் குளியுங்கோ.”

நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் பசு கன்றை நக்கும் சத்தம் கேட்டது.