மூன்றாவது சில்லரை நிறுத்திய நீலாவதி

முருகையாவின் வாழையிலைக் கடைக்குள் நுழைந்ததும் நீலாவதி உட்காருவதில்லை. மேசையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை உருவுவார், விரல் அகலத்துக்குக் கிழிப்பார், கண்ணாடிக் கதவின் இடுக்கில் பிடிப்பார். தாள் தெருப்பக்கமாகப் படபடவென்று ஆடும்.

"பாத்தீங்களாண்ணே? உங்க கடை ஏர்கோன் ஜாலான்ல போற லோரிக்கெல்லாம் குளுரு குடுத்துக்கிட்டு இருக்கு!"

நீலாய் பட்டணத்தின் மதியக் கூட்டம் சோற்றில் வைத்த கையோடு திரும்பிப் பார்க்கும். முருகையா பழக்கப்பட்டவர். "மொதல்ல பசியாறுங்க லா, தங்கச்சி. கதவு எங்கயும் ஓடிப் போவாது" என்பார். அடுத்த முறை போகும்போது கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். நீலாவதி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, மீன் குழம்பைக் கூடுதலாக ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

லோபாக்கில் அவர் வீட்டிலும் இதே கதைதான். ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்கலாம் என்று யோசிப்பது அங்கே தடை செய்யப்பட்ட செயல். கணவர் தர்மராஜ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சத்தம் நிறைந்த பேருந்தை மேய்த்துப் பழகிய பொறுமைசாலி. "எங்க வீட்ல ஐஸ்பெட்டியைத் தொடுறதுக்கு முன்னால கண்ண மூடி ஒரு முடிவுக்கு வந்துரணும்" என்று உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நீலாவதி நாற்பதைத் தாண்டிய, குட்டையான, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருக்கிற பெண். பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். பல ஆண்டுகளாக இயந்திர அறைகளில் வேலை பார்த்ததால் வந்த குரல் அது. பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பாலிடெக்னிக்கில் குளிரூட்டல் படித்து, தொழிற்சாலைகளில் ஏறி இறங்கி, இப்போது நீலாயைத் தாண்டிய ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளர்.

அந்தக் கட்டடத்துக்குச் சன்னல் கிடையாது. இரண்டு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் சாலை, பின்பக்கம் தோட்டத்துத் திடல். உள்ளே இரும்பு அலமாரிகளில் ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கியிருக்கின்றன. மருத்துவமனைப் பதிவு, பேருந்துச் சீட்டு, கல்யாணப் படங்கள் எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் நீலாவதிக்கு உற்சாகம் பொங்கிவிடும்.

"எல்லாரும் கிளவுட் கிளவுட்னு வானத்தப் பாக்குறாங்க. மேகம் மேல இல்லீங்க, நம்ம நீலாய்ல, செம்பனைக்குப் பக்கத்துல உக்காந்துருக்கு. அது மழை பெய்யாது. கரண்டத்தான் குடிக்கும். குடிச்சதெல்லாம் சூடா வெளிய விடும். அந்தச் சூட்ட வெளிய தள்றதுக்கு இன்னொரு பங்கு கரண்டு. அந்த ரெண்டாவது பங்கு இருக்கு பாருங்க, அதுலதான் என் கண்ணு!"

அந்த இரண்டாவது பங்கைத் தின்றுகொண்டிருந்தவை மூன்று சில்லர்கள். கணினிக் கூடத்துக்குக் குளிர்ந்த நீரை அனுப்பும், லோரி அளவு பெரிய இயந்திரங்கள். மூன்றும் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தன. கூடத்தில் எப்போதும் இருபது டிகிரி. ஊழியர்கள் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீலாவதிக்கு எரியும். கணினிகள் இருபத்தாறு டிகிரியிலும் சுகமாக ஓடும் என்று அவற்றைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். "ஜாக்கெட் போடறது மனுசன். குளுருறது மனுசனுக்கு. மிஷினு கேட்டுச்சா?"

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள், பின்வேலிக்கு அப்பால் மங்கம்மாவின் கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கப் போனபோது, திடல் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பிகள் நட்டிருப்பதைப் பார்த்தார். மங்கம்மா அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவர். மாலையில் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள்தான் அவருடைய பாதி வியாபாரம்.

"சர்வேகாரவங்க வந்து நட்டுட்டுப் போனாங்கம்மா. உங்க ஆளுங்களுக்குத்தான் எடம் வேணுமாம். திடல எடுத்துட்டா நம்ம பிள்ளைங்க எங்க ஓடும், மெயின் ரோட்லயா?"

நீலாவதிக்கு அது புதுச் செய்தி. விவரம் மறுநாள் கூட்டத்தில் தெரிந்தது. புதிய வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், சூடு கூடும், ஆகவே நான்காவது சில்லர். அதற்கும் அதன் மின்மாற்றிக்கும் இடம் வேண்டும். தோட்ட நிர்வாகம் திடலை விற்கச் சம்மதித்திருக்கிறது. மேலாளர் ரியான் திரையில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டைக் கை மடிப்புக் கலையாத, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர். நீலாவதியைவிட வயதில் இளையவர்.

"நாலாவது வேணாம் பாஸ்" என்றார் நீலாவதி.

"ஏன்கா?"

"மூணாவதையே நிப்பாட்டிக் காட்டுறேன். புது ஆளுங்க வந்தா அத எடுத்து ஓட்டிக்குவோம்."

அறையில் யாரோ சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது நீலாவதிக்கே உறைத்தது. ஆனால் ரியான் சிரிக்கவில்லை. வரைபடத்தை மூடிவிட்டு, "எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

எப்படி என்பது அவர் பல வருடங்களாக மென்றுகொண்டிருந்த விஷயம். கணினி முன்பக்கம் குளிர்காற்றை வாங்கி, பின்பக்கம் சூடாக விடும். அந்தச் சூடு அலமாரிகளின் காலி இடங்கள் வழியாக மறுபடி முன்பக்கம் வந்து குளிரோடு கலந்துவிடுகிறது. கலந்ததைச் சரிக்கட்ட இன்னும் குளிர், இன்னும் கரண்டு. "ஒரே வாளியில சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ஊத்திட்டு, ஏன் ஐஸ் பத்தலன்னு கேக்குறோம்" என்றார். ஓட்டைகளை அடைத்து, குளிர்காற்று வரும் நடைவழிகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் திரை போட்டு, விசிறிகளின் வேகத்தைக் குறைத்து, பிறகு ஒவ்வொரு டிகிரியாக ஏற்றலாம்.

அடுத்த வாரங்களில் நீலாவதியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவரும் அவருடைய குழுவும் தரையில் படுத்து, கம்பிகள் நுழையும் துளைகளை அடைத்தார்கள். அலமாரியின் காலி வாய்களுக்குப் பலகை மாட்டினார்கள். கிழித்த டிஷ்யூ தாள் எங்கெங்கோ தொங்கியது. தாள் ஆடினால் ஓட்டை. அசையாமல் நின்றால் அங்கிருந்து ஒரு கைதட்டல் கேட்கும்.

முதல் சோதனை நாளன்று, பெரிய வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து மிஷெல் வந்தார். "ஒரு செர்வர் நின்னாலும் நாந்தான் பதில் சொல்லணும் அக்கா. ஸ்க்ரீன்ல எங்கயாவது சிவப்பு வந்தா நிப்பாட்டிருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கடுமையாகச் சொல்லவில்லை. அவர் பொறுப்பு அப்படி.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. எல்லாம் பச்சை. நீலாவதி ரியானின் தோளைத் தட்டப் போய்க் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டார். இருபத்து மூன்றைத் தொட்டதும் கடைக்கோடி அலமாரி ஒன்று கூவியது. திரையில் சிவப்பு.

"நிப்பாட்டுங்க" என்றார் மிஷெல்.

கொஞ்ச நேரத்தில் கூடம் மறுபடி இருபதுக்குப் போனது. ரியானைத் தலைமையகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொன்னார். நீலாவதி வேலிக்கு அப்பால் போய் மங்கம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்தார். பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

"என்னாம்மா, சத்தத்தையே காணோம்? ஒடம்புக்கு முடியலையா?"

"ஒரு மிஷினு மட்டும் சுட்டுருச்சு மங்கம்மாக்கா. ஏன்னு தெரியல. எல்லாத்தையும் அடச்சேன். ஏன்னு மட்டும் தெரியல."

மங்கம்மாவுக்கு அந்த மெஷின் விவகாரம் புரியவில்லை. தேத்தண்ணியில் வழக்கத்தைவிடக் கூடச் சீனி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை நீலாவதி வந்தபோது, மடிப்புக் கலையாத ரியான் கடைக்கோடி அலமாரிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"அக்கா, இங்க வாங்க. இது குளுரு பக்கம்தானே?"

"ஆமா."

"அப்ப இந்தப் பெட்டி மட்டும் ஏன் என் மூஞ்சில சுடச்சுட ஊதுது?"

நீலாவதி குனிந்தார். கணினிகளுக்கு நடுவே ஒரு சின்ன இணைப்புப் பெட்டி. அதன் விசிறிகள் எதிர்த்திசையில் ஓடின. மற்றவை எல்லாம் குளிரை வாங்கிச் சூட்டைப் பின்னால் விட, இது ஒன்று மட்டும் பின்னாலிருக்கும் சூட்டை உறிஞ்சி முன்னால் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. கூடம் குளிர்ந்து கிடந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை.

"அடப்பாவி! தலைகீழா மூச்சு விடுதுடா!" என்று அவர் போட்ட கூச்சலில் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என் கண்ணுல படலியே பாஸ்! எத்தன தடவ இந்தப் பக்கம் போனேன்!" ரியானின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றே அந்தப் பெட்டியைத் திருப்பி மாட்டினார்கள்.

மிஷெலை மறுபடி வரவைப்பதுதான் பெரும்பாடு. ரியான் தாமே காரெடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போய், அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டி, இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கிவந்தார். "இதான் கடைசிக்கா" என்றார். "இதுவும் போச்சுன்னா நாலாவதுக்கு ஓர்டர் போட்ருவாங்க."

இரண்டாவது சோதனைக்கு நீலாவதியே வேண்டுமென்றே மழையில்லாத வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். செம்பனை ஓலைகூட அசையாத வெயில். "குளுந்த நாள்ல ஜெயிச்சா அது ஜெயிப்பா?" என்று கேட்டவர், காலையில் தர்மராஜின் பேருந்தில் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

இருபத்து மூன்று. கடைக்கோடி அலமாரி பச்சையில் நின்றது. மிஷெல் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. இருபத்து நான்கு. ஒவ்வொரு படிக்கும் நடுவே காத்திருந்தார்கள். காத்திருப்பது நீலாவதிக்கு வராத கலை, நடைக்கும் கதவுக்கும் அலைந்தார். இருபத்தைந்தில் மிஷெல் தம் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். இருபத்தாறு. பச்சை, பச்சை, பச்சை.

மூவரும் இயந்திர அறைக்கு ஓடினார்கள். சுமை குறைந்தால் மூன்றாவது சில்லர் தானாகவே நிற்க வேண்டும். அதன் சுமையைக் காட்டும் முள் இறங்கியது, இறங்கியது, பிறகு ஓரிடத்தில் பிடிவாதமாக நின்றுகொண்டது. ரியானின் உதடு முணுமுணுத்தது, ஜெபமாக இருக்கலாம். முள் நடுங்கியது. மறுபடி இறங்கியது. ஒரு கனத்த பெருமூச்சு போல இயந்திரத்துக்குள்ளிருந்து சத்தம் எழுந்தது; உறுமல் முனகலாகி, முனகல் அடங்கி, அந்தப் பெரிய இரும்பு உடல் அசையாமல் கிடந்தது.

"நின்னுருச்சு! மூணாவது நின்னுருச்சு லா! பாத்தியா மிஷெல், நின்னுருச்சு!"

"கத்த வேணாம்கா" என்றார் ரியான், காதைப் பொத்திக்கொண்டு. "மிஷினு நின்னதுல மெதுவாப் பேசுனாலே கேக்குது."

மிஷெல் முதல்முறையாகச் சிரித்தார். ஆனாலும் கிளம்பவில்லை; வெயில் தாழும்வரை கூடத்துக்கும் இயந்திர அறைக்கும் நடந்து நடந்து பார்த்தார். எங்கும் சிவப்பில்லை. கடைசியில், "சைபர்ஜெயாவுல எங்களுக்கு இன்னொரு கட்டடம் இருக்கு. அங்க வந்து இதச் செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார். நீலாவதி சரியென்று தலையை ஏழெட்டு முறை ஆட்டினார்.

ரியான் தலைமையகத்துக்குப் போன் போட்டார். இந்த முறை சீக்கிரமே வைத்துவிட்டார்.

"நாலாவது வேணாமாம்கா. திடல் பேச்சையும் விட்டுட்டாங்க. நாளைக்கே கம்பியப் புடுங்கச் சொல்லிட்டாங்க."

நீலாவதி பின்கதவைத் திறந்து வெளியே வந்து சிமெண்டுப் படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நடந்த கால்கள் விண்விண் என்றன. பாதுகாப்புக் காலணிகளின் கயிற்றைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். வேலிக்கு அப்பால் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் அணி பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மங்கம்மாவின் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் உதையில் பந்து வேலிக்கு மேலே எழும்பி, உள்ளே விழுந்து, துள்ளித் துள்ளி அவர் பக்கமாக உருண்டு வந்தது.

"ஆன்ட்டி! பந்து, ஆன்ட்டி! கையால போடுங்க, போதும்!"

நீலாவதி எழுந்தார். நாலடி பின்னால் போனார். ஓடி வந்து உதைத்த உதையில் பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. அதற்கும் மேலே, கயிறு அவிழ்ந்த காலணி ஒன்றும் பறந்து போய்த் திடலின் நடுவே விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒற்றைக் காலில் நின்றபடி, கோல் போட்டவரைப் போல இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார் நீலாவதி.