மச்சி பேசிய ஆங்கிலம்

போன வருடம் நோன்பு தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. மருதமுனையில் எங்கள் வீட்டு முன் ஹாலில், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சிம்பிள், கம்பவுண்ட், கொம்பிளெக்ஸ் என்று வசன வகைகளைப் பலகையில் எழுதி முடித்திருந்த நேரம்.

கடைசி வரிசையில் என் மச்சி. என் காக்காவின், அதாவது அண்ணனின், மனைவி. குசினியில் சமைக்கும்போது அவரும் என்னை மச்சி என்பார், வகுப்பில் டீச்சர் என்பார். இரண்டு வசனத்தை இணைத்து ஒன்றாக்க அவருக்கு வரவே வராது. மூன்று சொல் எழுதிப் புள்ளி வைத்துவிடுவார். அவருடைய கொப்பி முழுக்க என் சிவப்புப் பேனைதான். மச்சி என்பதற்காக மார்க் போட முடியாது என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

காக்கா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது அவருடைய அறை நண்பர் அங்கிருந்து மச்சிக்குக் குரல்பதிவு அனுப்பினார். காக்கா வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குள் தன்னை விடவில்லையாம். அங்குள்ள நம்பரை மட்டும் அனுப்பியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் நான்தானே.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனையை எடுத்து, கேட்கவேண்டிய வசனத்தைத் தாளில் எழுதத் தொடங்கினேன். எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது நான் வகுப்பில் போட்ட சட்டம். மரியாதையாக, நீளமாக எழுதினேன். பிடிக்காமல் வெட்டி மறுபடி எழுதினேன். நம்பரை அழுத்தியதும் ஆஸ்பத்திரித் தாதி வேகமாக ஏதோ கேட்டார். அது என் தாளில் இல்லை. நான் என் வசனத்தையே வாசித்தேன். பாதியில் லைன் கட்டாகிவிட்டது.

"எழுதினது காணும் மச்சி, போதும். இஞ்ச தாங்க, நான் கதைக்கன்."

மச்சி போனை வாங்கி மறுபடி அழுத்தினார்.

"சிஸ்டர், ஐ ஆம் வைஃப். மை ஹஸ்பண்ட், யுவர் ஹொஸ்பிட்டல். ஹார்ட் பெயின்." காக்காவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். "ஹீ லிவ்? ப்ளீஸ் லுக். ஐ வெயிட்."

தாதி பார்த்துவிட்டு வரும்வரை ஹாலில் எல்லோர் வாயிலும் துஆ. திரும்பி வந்தவர் மச்சியைப் போலவே மெதுவாக, சின்னச் சின்னதாகச் சொன்னார். ஹீ இஸ் ஓகே. ஸ்லீப்பிங்.

மச்சி அல்ஹம்துலில்லாஹ் என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எப்படிப் பயமில்லாமல் பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அந்தப் புள்ளையும் நம்மளப் போல இங்கிலீஷ் படிச்சிக் கதைக்கிற ஆள்தான் மச்சி. நீட்டிக் கதைச்சா அதுக்கு எப்பிடி விளங்கும்?"

தாதி யார், அவர் எந்த ஊர் என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. என் வசனத்தில் பிழை வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

காக்கா இப்போது ஊரோடு வந்துவிட்டார். மச்சி இன்றும் மூன்று சொல்லில் புள்ளி வைக்கிறார், நான் இன்றும் திருத்துகிறேன். ஆனால் வகுப்பில் யாராவது பேச எழுந்து திக்கினால் நான் குறுக்கே விழுவதில்லை. 'ஐ வெயிட்' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம் என் காக்காவை எனக்குத் திருப்பித் தந்த வசனம் இது என்று மனம் நிறைந்துபோகிறது.