ரெண்டு தெருவுக்கு லாரியில் வந்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கே.ஜி.எஃப். போனதற்குக் காரணம், ஒருவன் எப்படி வரக்கூடாது என்று சொன்னதுதான். பள்ளிக்கூடத் தோழன் தேவராஜ் போன் செய்தான். ராபர்ட்சன்பேட்டையில் பழைய கார் கண்காட்சியாம், அவனுடைய பழைய பத்மினி காருக்குக் கோப்பை நிச்சயமாம். "நீ பஸ்ல வாடா. அந்த டப்பாவ எடுத்தாந்து மானத்த வாங்காத." டப்பா என்றால் என் அம்பாசடர். மார்க்கெட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினமும் ஓடுகிற வண்டி. அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

பெங்களூரில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். சுமார் நூறு கிலோமீட்டர். பங்காருபேட்டையில் இட்லி, வடை, டீ, எழுபது ரூபாய். எட்டேகாலுக்கு மைதானம்.

பொய் சொல்லக்கூடாது, தேவராஜின் கார் அழகுதான். வான நீலம். பம்பரில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டேன். சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக், காரைச் சுற்றிக் கயிறு. வேடிக்கை என்னவென்றால், அவன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். டயரில் மண் ஒட்டும் என்று காரை லாரியில் ஏற்றி வந்திருந்தான்.

"லாரி ஜோரா கீதுடா. அதுக்கே கப்பு குடுத்துடலாம்," என்றேன்.

"தள்ளி நில்லு, மூச்சு படுது."

அவன் மனைவி ஸ்டெல்லாவும் கயிற்றுக்கு வெளியேதான் நின்றாள். மூன்று வருடமாக இந்தக் காருக்கு வேலை நடந்தது. ஒரு தடவைகூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை.

"நான் பொறந்த மாரிகுப்பத்துக்கு ஒரு வாட்டி இட்னு போன்னு கேட்டேன்ணா. சீட்டுல மடிப்பு விழுமாம். நான் இன்னா யானையா?"

பதினோரு மணிக்கு, விருப்பப்பட்டவர்கள் மாரிகுப்பம் வரை ஓட்டிப்போய்த் திரும்பலாம். கோப்பைக்கு நடுவர் பார்ப்பது அதற்குப் பிறகு. தேவராஜ் அசையவில்லை. "தூசி படும்," என்றான்.

"என் வண்டில ஏறும்மா," என்றேன் ஸ்டெல்லாவிடம். "இதுல புதுசா தூசி பட எடமில்ல."

போண்டாப் பொட்டலத்தோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தேவராஜைத் தாண்டும்போது ரெண்டு ஹாரன் அடித்தேன். ஒன்று போதும்தான்.

வழியில், கோரமண்டல் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வான நீலம்! அறுந்த கயிறு பம்பரில் மாட்டி, தரையில் இழுபட்டு வருகிறது. தேவராஜ் இறங்கி வந்தான்.

"ஸ்டெல்லா, எறங்கி வா."

"இன்னாத்துக்கு?"

"மாரிகுப்பத்துக்கு."

"செருப்பக் கழட்டணுமா?"

யோசித்தான், படுபாவி. "வாணாம். அப்டியே வா."

"போண்டா?"

கண்ணை மூடிக்கொண்டான். "அதயும் எடுத்துனு வா."

கேட் திறந்ததும் அவனை முன்னே விட்டுப் பின்னால் போனேன். அவனுக்கு முன்னால் போன ஏதோ ஒரு லாரியின் தூசியில் வான நீலம் சாம்பலாகிவிட்டது. வழி முழுக்க ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எதையாவது காட்டிக்கொண்டே போனாள். அவனும் ஒவ்வொரு இடத்திலும் வேகத்தைக் குறைத்தான்.

கோப்பை வேறொரு காருக்குப் போனது. நடுவர் சீட்டைப் பார்த்து, "இது என்ன சார், எண்ணெய்?" என்று கேட்டார்.

"எங்க வூட்டம்மா சார்," என்றான் தேவராஜ், அறிமுகப்படுத்துகிறவன் மாதிரி.

அடுத்த தடவை இந்தக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. மைதானத்தில் நிழல் கிடையாது, தொப்பி கொண்டுபோங்கள். கேட்டில் கால் மணி நேரம் நிற்க வேண்டிவரும், போண்டாவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பளபளக்கிற காரை ஆசை தீரப் பாருங்கள். ஏறச் சொன்னால், கேள்வி கேட்காமல் ஏறிவிடுங்கள்.

நேற்று தேவராஜ் போன் செய்தான். ஸ்டெல்லாவோடு வேளாங்கண்ணி போகிறானாம், எந்த ரோடு நல்லது என்று கேட்டான்.

"எதுல போற, லாரிலயா?" என்றேன்.

போனை வைத்துவிட்டான்.