சிவப்பு மையில் எட்டு மதிப்பெண்

"ஜனாதிபதி அவசரநிலைன்னு அறிவிச்சா, அது எத்தனை நாளைக்குச் செல்லும் சார்?" என்று கேட்டாள் லிஃப்ட்டம்மா.

"முப்பது நாள்மா. அதுக்குள்ள நாடாளுமன்றம் ஒப்புக்கணும்."

"ஒப்புக்கலேன்னா?"

"தானா செத்துப் போகும்."

"அந்த உத்தரவுல பிடிச்சு வச்சிருக்கறவங்கள?"

"வெளியே விட்டாகணும். வேற வழியே கிடையாது."

"நாடாளுமன்றம் கூடிச்சா சார்?"

"கூடலை."

"இன்னிக்கு நாற்பத்தோராவது நாள்" என்றாள் அவள்.

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். பின் பெஞ்சிலிருந்து முடிவெட்டுகிறவர், "அக்கா, பாடத்துல இருக்கறத மட்டும் கேளுங்க. நாங்கெல்லாம் வீடு போய்ச் சேரணும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நூலக மாடியில் சனிக்கிழமை மதியம் நடந்த முதியோர் வகுப்பு அது. வாத்தியார் ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர். அரசியல் சட்டம் ஆட்சிமொழியில் மட்டும்தான் அச்சாகியிருந்தது. ஜனாதிபதியின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் பிரிவு பிரிவாக வாசிப்பார். இரண்டு மொழியும் படித்த ஓர் இளம்பெண் பக்கத்தில் நின்று அதை வீட்டு மொழியில் சொல்வாள். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கமாட்டாள். வகுப்புக்கே அவள் தங்கச்சி.

லிஃப்ட்டம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவள். ஒரு முக்காலி, ஒரு கைப்பிடி, ஏழு மாடி. பிறந்த குழந்தையும் போன உயிரும் அவளுடைய அந்த ஒரே பெட்டியில்தான் இறங்கி வந்தன. தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். அவன் பஸ் டிரைவர். வேலைநிறுத்தத்தன்று வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்களில் ஒருவன். பிடித்துப் போனவர்கள் அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் வகுப்பில் சேர்ந்ததே அதைக் கேட்கத்தான்.

அடுத்த வாரம் வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுத்தார். எந்தப் பிரிவின்படி இந்தக் காவல் தொடர்கிறது என்று கேட்டு, ஜனாதிபதிக்கு ஒரு மனு. பயிற்சிக்குத்தான், எழுதியதை அவரிடமே கொடுக்க வேண்டும். லிஃப்ட்டம்மாவுக்கு ஆட்சிமொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, தங்கச்சி அதை ஆட்சிமொழியாக்கி எழுதினாள். "என் தம்பிக்குக் காலையில டீ இல்லாட்டி தலைவலி வரும், அதையும் போடு" என்றாள். அதையும் போட்டாள்.

வாத்தியார் அந்த டீயை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'நன்று' என்று எழுதி, பத்துக்கு எட்டு போட்டு, சிவப்பு மையில் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டரின் சிவப்பு ஒப்பம் இல்லாத சீட்டுக்கு ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் மாடிக்கு ஏற்றக்கூடாது. ஒப்பம் விழுந்துவிட்டால் எந்தக் கதவும் தடுக்காது. இருபத்திரண்டு வருஷமாக அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண். சிவப்பு விழுந்த காகிதம் மேலே போக வேண்டிய காகிதம். அவள் அதை அப்படியே உறையிலிட்டு, தபாலில் சேர்த்துவிட்டாள்.

அதிலிருந்து மூன்றாம் சனிக்கிழமை இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். ஒருவன் காகிதத்தை விரித்துப் பிடித்தான்.

"இந்தச் சிவப்பு மை யாரோடது?"

"என்னோடது" என்றார் வாத்தியார்.

"ஜனாதிபதிக்கே மார்க்கா? அவரு பாஸா, ஃபெயிலா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எழுத்து?"

தங்கச்சிக்குத் தன் கையெழுத்து அங்கிருந்தே தெரிந்தது. வாத்தியார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அதுவும் என்னோடதுதான்."

லிஃப்ட்டம்மா எழுந்தாள். "ஐயா, கேட்டது நான். என் தம்பிக்காக."

"உனக்கு இத எழுதத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ உக்காரு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் படியிறங்கினார். திங்கட்கிழமை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. தம்பியும் வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்ன சொல்வதென்று யோசித்துப் போகவில்லை. லிஃப்ட்டில் வேறு யாரும் இல்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட்டம்மா கைப்பிடியைத் திருப்பிப் பெட்டியை நிறுத்தினாள். மேலே யாரோ மணியடித்தார்கள்.

"நான்தான்னு அன்னிக்கு எழுந்து சொல்லியிருக்கணும்க்கா" என்றாள் தங்கச்சி.

"நீ சொல்லியிருந்தா உன்னையும் சேர்த்துத் தேடிக்கிட்டிருப்பேன். அத விடு." மணி மறுபடி அடித்தது. "இன்னும் ரெண்டு மனு போகணும். ஒண்ணு தம்பிக்கு, ஒண்ணு சாருக்கு. நீ எழுதித் தராதே. அந்த எழுத்த எனக்குக் கத்துக் குடு. எத்தனை மாசம் ஆனாலும் சரி. யாரோட எழுத்துன்னு கேட்டா, இந்தத் தடவை என்னை உக்காருன்னு சொல்ல முடியாதபடி கத்துக் குடு."